மணமுறிவுக்கும் பேச்சுவார்த்தை உண்டு
(பாசிர் ரிஸ்ஸில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



முன்பு தோட்டத்தில் புருஷன் பெண்சாதிச் சண்டை முற்றினால் கங்காணி வீட்டு வாசலில் பஞ்சாயத்துக் கூடும். "பொறுத்துப் போ, அம்மா" என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவார்கள். நாமும் வாய்மூடி நின்றோம். 1961-ல் சிங்கப்பூரில் மாதர் சாசனம் வந்தது. முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. மனைவிக்கு நீதிமன்றத்தில் உரிமை கிடைத்தது.

இன்று இந்தப் பாசிர் ரிஸ் அடுக்குமாடியில் ஒரு குடும்பம் முறிந்தால் சண்டை எதற்கு? வீடு யாருக்கு, மத்திய சேமநிதியில் பங்கு எவ்வளவு, பிள்ளை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு? இவற்றை வழக்காடியே தீர்த்தால் சேமித்த பணம் வக்கீலுக்குப் போகும். பிள்ளைகள் மனமும் புண்படும்.

சம்பள உயர்வு கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் முதலாளியோடு மேசையில் உட்காருகிறோம். பேச்சு முறிந்தால்தானே நடுவர் மன்றம்? சமரசப் பேச்சும் அப்படித்தான். சமரசம் செய்பவர் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரும் தாமே முடிவுக்கு வர உதவுகிறார். அங்கே பேசியதைப் பின்னர் வழக்கில் சாட்சியமாக்க முடியாது. உடன்பாடு கண்டால் நீதிமன்றம் அதை உத்தரவாகப் பதியும். மணமுறிவு வழங்குவது மட்டும் நீதிமன்றமே. 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்து தகராறு தீராவிட்டால், நீதிமன்றமே ஆலோசனைக்கும் சமரசத்துக்கும் அனுப்பும். 2024 ஜூலை முதல் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டாமல், இருவரும் ஒப்பியே முறிவு கேட்கலாம். முஸ்லிம் தோழர்களுக்கு ஷரியா நீதிமன்றம் உண்டு.

ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பாலுள்ள தோழர்களே! மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் மட்டும் முறிவு கேட்டால், பொதுவாக முதலில் சமரசக் குழுவிடம் போகவேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அடி உதை உள்ள வீட்டில் சமரசம் பேசி அவசரப்படுத்தாதீர்கள். அங்கே முதலில் வேண்டியது நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை. பயந்து போடும் கையெழுத்து சம்மதம் ஆகுமா? கணக்குக் காட்டாத முதலாளியோடு நாம் ஒப்பந்தம் செய்வதில்லை. அதுபோலச் சேமநிதிக் கணக்கும் சம்பளச் சீட்டும் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கச் சட்ட உதவி உண்டு, கேட்டுப் பெறுங்கள்.

பழைய பஞ்சாயத்தில் பெண்ணுக்குப் பேச இடமில்லை. இந்த மேசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. நம் சகோதரிகள் தயங்காமல் அதில் அமரத் துணை நிற்போம்.