மூலிகையும் ஆய்வுக்கூடமும்



நாம் விஞ்ஞானப் பட்டதாரி அல்லோம். பள்ளி நாளில் அப்பாடத்தை விரும்பினோம், “உனக்கு அது எதற்கு?” என்று திருப்பிவிட்டனர். ஆகவேதான் இவ்வெள்ளி விழாவில் விஞ்ஞானம் பற்றியே பேச விழைகின்றோம்.

முருங்கைக்கீரையின் அருமையை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். ஊரார் அவ்வறிவைப் பயன்படுத்திக்கொண்டனர், அறிவென்று ஒப்பவில்லை. அக்கீரையில் ஃபிளேவனாய்டு என்னும் சேர்மங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது மென்படல வண்ணப்பிரிகை. 1938இல் உக்ரேனின் கார்கீவ் நகரில் இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் ஆகிய இருவர், மூலிகைச் சாறுகளை ஆராயும்பொருட்டே இம்முறைக்கு வித்திட்டனர்.

கண்ணாடித் தகட்டில் சிலிக்கா ஜெல்லை மெல்லியதாகப் பூசி, இலைச்சாற்றைப் புள்ளியாக இட்டு, சிறிதளவு கரைப்பான் ஊற்றிய மூடிய சாடியில் நிறுத்துவர். கரைப்பான் மேலேற, சேர்மங்கள் வெவ்வேறு உயரங்களில் தங்கும். உரிய வினைபொருளைத் தெளித்து, 365 நானோமீட்டர் புறஊதா ஒளியில் நோக்கினால் குவர்செட்டின் வகை செம்மஞ்சளாகவும், கெம்ப்ஃபெரால் வகை மஞ்சட்பச்சையாகவும் ஒளிரும். அறிந்த பொருளொன்றையும் அருகிலேயே இட்டு, உயரத்தையும் நிறத்தையும் ஒப்பிடல் வேண்டும். பொருள் உண்டென்று தகடு காட்டும். நோய் தீருமென்று காட்டாது. அதற்கு வேறு சோதனைகள் உள.

இலையைப் பறித்தவர் எக்குலத்தார் என்று அத்தகடு வினவுவதில்லை. தகட்டை ஏந்தும் கை யாருடையது என்று நாம் வினவ வேண்டும். பாட்டி பறித்த இலையைப் பேத்தி ஆராய வேண்டும். கழகத்தின் மாலை வகுப்பில் சிறு ஆய்வுக்கூடமொன்று அமையட்டும். “உனக்கு எதற்கு?” என்னும் கேள்வி நம்மோடு ஒழியட்டும்.