மாணவரும் சமூகத் தொண்டும்



தைப்பூசத்திற்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போய் வராத தோட்டக் குடும்பம் நம் வட்டாரத்தில் அரிது. செபராங் பிறையிலிருந்தும், கெடாவிலிருந்தும், வட பேராவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக நாம் புறப்படுகிறோம். முன்பெல்லாம் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறித்தான் தீவுக்குப் போக வேண்டும். 1985-இல் முதல் பாலமும், 2014-இல் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலமும் திறக்கப்பட்ட பிறகு வழி எளிதாகிவிட்டது. பூசத்திற்கு முதல் நாள் லெபோ பினாங்கில் உள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 1894-ஆம் ஆண்டிலிருந்து ஓடிவரும் ரதம் அது. 2017 முதல் தங்க ரதமும் வலம் வருகிறது. மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்க 513 படிகள் ஏற வேண்டும். இவையெல்லாம் நமக்குத் தெரிந்த செய்திகள்தாம்.

வழி நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றித்தான் இன்று நாம் கொஞ்சம் பேசப் போகிறோம். பந்தலின் முன்பக்கத்தைப் பற்றி அல்ல, பின்பக்கத்தைப் பற்றி.

முன்பக்கத்தில் தோரணம் கட்டியிருக்கும். ஒலிபெருக்கியில் பாட்டு ஒலிக்கும். நாம் கையை நீட்டினால் மோரோ, சிராப் தண்ணீரோ, ஒரு பொட்டலம் சோறோ கிடைக்கும். வாங்கிக்கொண்டு நடந்துவிடுகிறோம். பின்பக்கத்தில் என்ன நடக்கிறது? படிவம் மூன்றிலும் நான்கிலும் படிக்கும் பிள்ளைகள் ஐஸ் கட்டி உடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பெண் அண்டாவைக் கழுவிக்கொண்டிருப்பாள். ஒரு பையன் கறுப்புப் பையில் குப்பையைக் கட்டி, இரண்டு கைகளாலும் இழுத்துக்கொண்டு போவான். அவனுடைய பெயரை யாரும் ஒலிபெருக்கியில் சொல்வதில்லை.

அந்தப் பிள்ளைகள் புண்ணியத்தைத் தேடிக்கொள்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். நாம் பார்ப்பது அவர்கள் தேடிக்கொள்ளும் வேறொன்றை. ஒரு பந்தலை நடத்த என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு 200 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், 5,000 பேருக்கு 1,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். இது நான்காம் வகுப்புக் கணக்கு. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? யார் சுமப்பது? மாலை ஆறு மணிக்கு அண்டா காலியாகிவிட்டது, ரதம் இன்னும் வந்து சேரவில்லை, வரிசையில் கைக்குழந்தையோடு தாய்மார்கள் நிற்கிறார்கள். அந்த நேரத்தில், “நீ போய்ப் பக்கத்துப் பந்தலில் கேட்டு வா, நீ வரிசையில் நிற்பவர்களிடம் பத்து நிமிடம் ஆகும் என்று சொல்” என்று நிதானமாகச் சொல்ல ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வேண்டியிருக்கிறது. இதை எந்தப் பாடப்புத்தகமும் கற்றுக்கொடுப்பதில்லை. இதற்குத்தான் தலைமை என்று பெயர்.

தலைவர்கள் பிறக்கும்போதே தலைவர்களாகப் பிறக்கிறார்கள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. தோட்டப்புறத்தில் இந்த எண்ணம் இன்னும் ஆழமானது. துரை ஒரு சாதி, கிராணியார் ஒரு சாதி, நாம் பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் சாதி என்று மூன்று நான்கு தலைமுறைகள் பழகிவிட்டோம். அதனால்தான் லயத்தில் தண்ணீர்க் குழாய் நின்றுபோனாலும், தோட்டம் கைமாறப் போகிறது என்ற செய்தி வந்தாலும், அலுவலகத்துக்குப் போய்ப் பேச ஓர் ஆளைத் தேடுகிறோம். தொழிற்சங்கத் தலைவர் இருப்பார், கோயில் தலைவர் இருப்பார். அந்த ஓரிருவரை விட்டால் மற்றவர்கள் பின்னால் நிற்போம். பேசத் தெரியாததால் அல்ல. வீட்டில் நம்மைவிட நன்றாகப் பேசுவோர் யார்? நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

பழக்கம் ஏற்படுத்தினால் வரும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1935-இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள், 1950-களில் அந்த இதழில் மாணவர்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கினார். மாணவர் மணிமன்றம் என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் கதை எழுதினார்கள், கட்டுரை எழுதினார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் பலருக்கு முதற்படி அதுதான். எழுத்தோடு அது நிற்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். பத்திரிகையில் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பிள்ளைகள் ஊருக்கு ஊர் ஒன்றுகூடினார்கள். மன்றங்கள் அமைந்தன. பிறகு அவையே தமிழ் இளைஞர் மணிமன்றங்களாகத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பரவின. மன்றம் என்றால் தலைவர் வேண்டும், செயலாளர் வேண்டும், பொருளாளர் வேண்டும். பகலில் பால்மரம் வெட்டிய இளைஞர் மாலையில் கூட்டக் குறிப்பு எழுதினார். வரவு செலவு வாசித்தார். “இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை” என்று ஒருவர் எழுந்து கேட்டால், கோபப்படாமல் விளக்கம் சொன்னார்.

கணக்கு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். பெரிய தலைவர் ஒருவர் இருந்தார், உண்மை. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் அந்தப் பத்து வெள்ளியின் பயனை எடுத்துச் சொல்லவும், வீட்டுக்காரம்மாவின் சந்தேகத்தைத் தீர்க்கவும், ரசீதைப் பத்திரப்படுத்தவும் ஆள் இருந்திருக்காவிட்டால் அந்தப் பணம் சேர்ந்திருக்குமா? நம் ஊர்களில் எத்தனையோ சங்கங்கள் நல்ல நோக்கத்தோடு தொடங்கிக் கணக்கில் தடுக்கி விழுந்திருக்கின்றன. பள்ளிக் கழகத்தின் பொருளாளராக இருந்து நாற்பது வெள்ளிக்குக் கணக்கு எழுதிப் பழகிய பிள்ளை, நாளைக்கு நாலாயிரம் வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறாது.

இனி, பெற்றோர்கள் கேட்கும் கேள்விக்கு வருவோம். “படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுக்கட்டும்” என்று சொல்கிறோம். நியாயமான கவலைதான். தோட்டத்தை விட்டு வெளியேற நம் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வழி படிப்பு. அது கெட்டுவிடக் கூடாது என்று அஞ்சுகிறோம்.

ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எடுப்பவர்கள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான தகுதிப் புள்ளிகளில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. வருகை, வகித்த பொறுப்பு, காட்டிய ஈடுபாடு, செய்த சேவை, பெற்ற வெற்றி எல்லாவற்றையும் பார்த்துப் பள்ளிகளில் இதற்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள். நல்ல பாடங்களுக்குப் போட்டி எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அரைப் புள்ளியில் இடம் தவறுகிறது. அந்த நிலையில் பத்துப் புள்ளிகளை நாமாகவே வாசலில் விட்டுவிட்டு வருவது கெட்டிக்காரத்தனமா?

புள்ளிக்காக மட்டும் தொண்டு செய்யச் சொல்கிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். புள்ளிக்காக மட்டும் செய்யும் தொண்டு எப்படி இருக்கும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். வேன் வரும், பிள்ளைகள் இறங்குவார்கள், முதியோர் இல்லத்து வாசலில் பதாகையை விரித்துப் படம் எடுப்பார்கள், இரண்டு பெட்டி பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு வேன் ஏறுவார்கள். அங்கிருக்கும் பாட்டியின் பெயரைக் கேட்க யாருக்கும் நேரமிருக்காது. இன்னொரு குறையும் உண்டு. எல்லாப் பதவிகளும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்கே போகும். ஒலிபெருக்கியைப் பையன் பிடிப்பான், தேநீர் கலக்கப் பெண்பிள்ளை போவாள். பொறுப்பாசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது. கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் ஒரு பொறுப்பு அவசரமாகத் தேவைப்படுகிறது.

இலங்கையில் 1958-இல் நடந்த ஒன்றை இங்கே சொல்லலாம். கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன என்பவர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனதொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பெயரால் மற்றவர்கள் ஒதுக்கிவைத்த மக்கள் வாழ்ந்த ஊர் அது. பட்டணத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, கிராமத்தாரோடு சேர்ந்து உழைத்தார்கள். சிரமதானம் என்று அதற்குப் பெயர். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்று பொருள். ஒரு பள்ளிக்கூடத்து விடுமுறைப் பணியாகத் தொடங்கிய அந்த முயற்சி, சர்வோதய இயக்கமாக வளர்ந்து ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால் அவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது.

பினாங்குக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. சாரணர் இயக்கம் மலாயாவுக்கு முதலில் வந்தது இங்கேதான், 1908-இல். அதற்கு முந்திய ஆண்டுதான் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சி என்ற தீவில் முதல் பாசறையை நடத்தியிருந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் ஒரே கூடாரத்து வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார். பயனீட்டாளர் இயக்கத்துக்கும் பினாங்கு பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் பிறந்து சிறுவனாக இங்கே வந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள் 2019-இல் மறையும்வரை பல்லாண்டுகள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். தோட்டங்களில் சம்சு என்ற மதுவால் குடும்பங்கள் அழிவதை அந்தச் சங்கம் விடாமல் எடுத்துச் சொல்லி வந்தது. தைப்பூசத்தில் தேங்காய்களைக் கணக்கில்லாமல் உடைத்து வீணாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. பள்ளிகளில் இன்று பயனீட்டாளர் கழகங்கள் இருக்கின்றன. கழகத்தில் இருக்கும் உங்கள் பிள்ளை, டின் மீனின் காலாவதித் தேதியைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டால், “வாயாடாதே” என்று அடக்காதீர்கள்.

தொண்டு செய்யத் தீவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நம் லயத்திலேயே வேலை இருக்கிறது. டிங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்கு பிள்ளைகள் சேர்ந்து, லயத்தைச் சுற்றிக் கிடக்கும் பழைய டயர், பெயிண்ட் டின், பூச்சட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை இவற்றில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசுவின் வளர்ச்சி அந்த இடத்திலேயே அறுபட்டுப் போகும். ஒரு வாரம் செய்துவிட்டு மறு வாரம் விட்டால் பயனில்லை. இங்கேதான் தலைமை வேண்டும். மறு வாரம் தூக்கத்தில் கிடக்கும் மற்ற மூவரையும் போய் எழுப்புகிறவர் யார்? அடுத்த வீட்டுத் தாத்தா, “என் டயரைத் தொடாதே” என்று சத்தம் போட்டால் மரியாதையாகப் பேசி இணங்க வைப்பவர் யார்? இதுபோல, மலாய் மொழியில் வந்த கடிதத்தை எழுத்துக்கூட்டவும் இயலாத மூதாட்டிக்கு வாசித்துச் சொல்வது, அரசாங்க உதவிப் பாரத்தை நிரப்பிக் கொடுப்பது, ஆயாக் கொட்டகையில் இருக்கும் சின்னஞ்சிறுவர்களுக்கு மாலையில் கதை வாசிப்பது எல்லாம் படிவம் இரண்டு மாணவியால் முடிகிற காரியங்கள். ஒரு எச்சரிக்கை: கட்சிக் கொடி பிடிக்கவோ, பெரியவர்களின் சண்டையில் செய்தி கொண்டுபோகவோ பிள்ளைகளை அனுப்புவது தொண்டு ஆகாது.

கடைசியாக, எல்லாரும் அறிந்தும் யாரும் கூட்டத்தில் பேசாத ஒரு தடை: பஸ். பட்டணத்துப் பிள்ளை புறப்பாட நடவடிக்கை முடிந்து ஐந்து மணிக்கு நடந்தே வீடு போய்ச் சேர்ந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைக்கு மதியம் போகும் பள்ளி வேனை விட்டால் வேறு வழியில்லை. செம்பனைத் தோட்டத்து மண்சாலை மாலையில் ஆளரவமற்றுக் கிடக்கும். பெண்பிள்ளையை எப்படித் தனியாக வரச் சொல்வது? இதனாலேயே நம் பிள்ளைகள் முதல் கூட்டத்திற்குப் போவதில்லை. முதல் கூட்டத்தில்தான் பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு ஆண்டு முழுவதும் பெயர்ப்பட்டியலில் கடைசியில் நிற்கிறார்கள்.

இதைத் தனித்தனியாக நாம் தீர்க்க முடியாது. ஒரு தோட்டத்திலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள் என்றால், பெற்றோர்கள் சேர்ந்து வேன்காரரிடம் பேசி, வாரத்தில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் மாலை நேரத்தில் வரச் சொல்லலாம். கூடுதல் செலவைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு அதிகம் வராது. முறை வைத்து மோட்டார் சைக்கிளில் போய் அழைத்து வரலாம். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், “எங்கள் பிள்ளைகளுக்கு நடவடிக்கையை எந்த நாளில் வைத்தால் வசதி” என்று நாமே எழுந்து கேட்கலாம். அந்தக் கூட்டத்திற்குப் போகும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் எழுந்து பேசுவதை அது பார்க்கட்டும். பள்ளி ஆண்டு தொடங்கிய முதல் வாரங்களில் எந்தச் சீருடை இயக்கம், எந்தக் கழகம், எந்த விளையாட்டு என்று கேட்டுப் பாரம் வீட்டுக்கு வரும். கையொப்பம் போட்டுக் கொடுத்துவிடாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.