சோம்பல் என்ற குற்றச்சாட்டும் மலாய்க் குடியானவரும்

 

மலாய்க்காரரின் வறுமையை ஆராய வந்தவர்களில் பலர் அவர்களது பண்பாட்டையே முதலில் கூண்டிலேற்றினார்கள். ரெசெக்கி, அதாவது பிழைப்புக்கான பேறு, இறைவன் அளந்து வைத்தது, அதற்குமேல் ஓடியாடிப் பயனில்லை என்று கம்பத்துக்காரர், அதாவது மலாய்க் கிராமத்தவர், இருந்துவிடுகிறார் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. 1967இல் பார்க்கின்சன் என்ற ஆய்வாளர் அதைக் கட்டுரையாகவே எழுதினார். பின்னாளில் பிரதமரான மகாதீரின் 1970ஆம் ஆண்டு நூலும், மறு ஆண்டு மலாய்க்காரர் கட்சியான அம்னோ வெளியிட்ட ‘ரெவோலுசி மெந்தால்’ (மனப் புரட்சி) நூலும் மலாய்க்காரரின் மனப்போக்கையே பெரிதும் குறை சொல்லின.

சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் சோம்பல் என்ற இந்தக் குற்றச்சாட்டின் பூர்வீகத்தைத் தோண்டியெடுத்தார். தோட்டக் கூலிக்கு வர மறுத்தவரைத்தான் காலனிய முதலாளிகள் சோம்பேறி என்றார்கள். மறுத்தவருக்கு வயலும் ஆறும் சொந்த வீடும் இருந்தன. அடிமாட்டுக் கூலிக்கு அவர் ஏன் போக வேண்டும்? அவர் மறுத்த வேலைக்குத்தான் கங்காணிகள் மலேசியத் தமிழராகிய நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஆகவே இந்தக் கதையில் நமக்கும் பங்குண்டு.

ரப்பருக்கு விலை ஏறியபோது இதே ‘சோம்பேறி’ என்ன செய்தார் என்று பாருங்கள். தம் துண்டு நிலங்களில் ரப்பர் கன்றுகளை ஊன்றினார். நெல் வயல்களும் ரப்பராக மாறிவிடும் என்று அஞ்சிய ஆட்சி, 1917இல் அதைத் தடுக்கச் சட்டமே கொண்டுவந்தது. 1922இல் வந்த ஸ்டீவன்சன் ரப்பர் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பெருந்தோட்டங்களுக்குத் தாராளமான ஒதுக்கீடு, சிறுதோட்டக்காரருக்குக் கைவிரிப்பு. முன்னேற முயன்றவரைக் கட்டிப்போட்டுவிட்டு, முயற்சியில்லை என்று பழி சொன்னார்கள். 1974இல் ரப்பர் விலை சரிந்தபோது கெடா மாநிலத்தின் பாலிங் பகுதிக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். விதியை நொந்து வீட்டில் முடங்கியவர்கள் செய்யும் காரியமா இது?

நெல் விவசாயியின் நிலை இன்னும் மோசம். 1970இல் மலேசியத் தீபகற்பத்தில் வறுமையில் இருந்த குடும்பங்கள் 49.3 விழுக்காடு, நெல் பயிரிட்டவர்களிடையே அது 88.1 விழுக்காடு. ‘பாடி குஞ்சா’ என்ற முறை அவர்களை எப்படிப் பிழிந்தது என்று சொல்கிறேன். அறுவடைக்கு முன்பு குதிர் காலியாகும். விவசாயி கடைக்காரரிடம் ரொக்கம் வாங்கி, அதற்கு ஈடாக இத்தனை குஞ்சா (ஒரு முகத்தலளவை) நெல் தருவதாக வாக்குக் கொடுப்பார். அப்போது பேசப்படும் விலை அறுவடைக் காலச் சந்தை விலையைவிட வெகு குறைவு. நெல் அளந்து கொடுத்தபின் மிஞ்சுவது போதாது. அடுத்த பருவத்துக்கும் அதே கடை. விளைச்சல் கூடினால் கடன்காரருக்குத்தான் லாபம் என்ற நிலையில் புது விதையைச் சோதித்துப் பார்க்கத் தயங்குவது மதியீனமல்ல, தற்காப்பு.

இதைப் புரிந்துகொண்ட பொருளியலாளர்களில் உங்கு அசிஸை நான் முதலிடத்தில் வைக்கிறேன். வறுமையை அளக்க அவர் வீட்டிலுள்ள கைலிகளை எண்ணினார். மலாய் வீட்டில் கைலிதான் உடை, தொழுகைக்கான துணி, குளியலாடை, போர்வை, குழந்தைக்குத் தூளி. வீட்டில் ஆளுக்கு எத்தனை கைலி தேறுகிறது என்பதிலேயே குடும்பத்தின் இருப்பு தெரிந்துவிடும். வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவருக்கே தோன்றக்கூடிய அளவுகோல் அது.

அதே கண்தான் ஹஜ் சேமிப்பையும் பார்த்தது. வட்டி கலந்த பணத்தில் புனிதப் பயணம் போகக்கூடாது என்று கம்பத்து முஸ்லிம்கள் வங்கியை ஒதுக்கினார்கள். ஆனால் சேமித்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு, ஆண்டுக்கணக்காக. மூங்கில் குழாயிலும் தலையணைக்கடியிலும் காசு சேர்ந்தது. போதாததற்கு மாட்டையும் நிலத்தையும் விற்றார்கள். ஹாஜியாகத் திரும்பியவர் உழ நிலமின்றி நின்றார். 1959இல் உங்கு அசிஸ், வட்டியில்லாமல் முதலீட்டு லாபத்தைப் பகிரும் சேமிப்பு நிறுவனம் வேண்டுமென்று திட்டம் தந்தார். 1963இல் அது இயங்கத் தொடங்கியது. 1969இல் ஹஜ் நிர்வாகமும் சேர்ந்து, இன்று நாம் அறிந்த தாபுங் ஹாஜியாக உருவெடுத்தது. எந்த நம்பிக்கையைத் தடைக்கல் என்றார்களோ, அதன்மேல்தான் நாட்டின் மிகப் பெரிய சேமிப்பு நிறுவனங்களில் ஒன்று எழுந்தது.

அதற்கும் சோதனை வந்தது. 2017 முடிவில் அதன் பொறுப்புகள் சொத்துகளைவிட 410 கோடி ரிங்கிட் அதிகமாயிருந்தன என்று தணிக்கை காட்ட, மறு ஆண்டு அரசு தனி நிறுவனம் அமைத்துச் சொத்துகளில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. தவறு நடந்தது முதலீட்டை முடிவுசெய்த மேசைகளில். காசு போட்ட கம்பத்துக்காரர் தம் பங்கைச் சரியாகவே செய்திருந்தார். வறுமைக்கும் வளர்ச்சிக்கும் காரணம் தேடும் இளம் ஆய்வாளர்கள் இனி அந்த மேசைகளின் மனப்போக்கை ஆராயட்டும்.