நந்தனுக்கு எதற்கு நெருப்பு?



கதை என்றால் கற்பனை, அதில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிறார்கள். இந்த நினைவுநாளில் நந்தன் கதையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில், ஆதனூர் நந்தன் கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். திருப்புன்கூரில் அவர் வாசலில் நின்றே சிவனைப் பார்க்க வசதியாக நந்தி விலகுகிறது. கல் நந்தி நகர்கிறது. நந்தன் உள்ளே போவதில்லை. தில்லையில் ஆண்டவனே கனவில் வந்து, தீயில் இறங்கி வரச் சொல்கிறார். பூணூல் அணிந்த முனிவராக வெளியே வந்த பிறகுதான் உள்ளே அனுமதி. கல்லை நகர்த்திய கடவுளால் ஒரு வழக்கத்தை நகர்த்த முடியவில்லை. அவரும் கதாசிரியரின் ஊரில்தானே குடியிருக்கிறார்!

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாகப் பாடியபோது தாராளமாகவே மாற்றினார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஆண்டையாக வந்தார். நாற்பது வேலி நிலம் ஓரிரவில் விளைந்தது. தீ மட்டும் அப்படியே இருந்தது. ஐயம்பேட்டைத் தறிக்காரர்களுக்கு இது புரியும்: நூலின் நிறத்தை மாற்றலாம், அட்டையில் துளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பூ விழும். அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். காரணம் தீ அல்ல, இலக்கணப் பிழைகள்.

இந்த விதிக்குள் வராதவர் அயோத்திதாசப் பண்டிதர். அவருடைய இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தன் அரசன். எந்த வாசலிலும் காத்திருப்பவன் அல்ல. அங்கேயும் அவன் சூழ்ச்சியால் சாகிறான், உண்மைதான். ஆனால் அதைக் கொலை என்றே எழுதினார் பண்டிதர், முக்தி என்று எழுதவில்லை.

இன்று மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் கதைகளிலும் ஒரு தீ இருக்கிறது. சாதி மீறிக் காதலித்தவன் கடைசிப் பக்கத்தில் தண்டவாளத்தில் கிடப்பான். "நிஜத்தில் அப்படித்தானே நடக்கிறது, தோழர்?" என்பார்கள். நடக்கிறது. 2015இல் கோகுல்ராஜை அப்படித்தான் பார்த்தோம். அதை மறைத்து எழுதச் சொல்ல நான் யார்? ஆனால் 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் கொல்லப்பட்டபோது வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா, பெற்ற தகப்பனுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதுவும் நிஜம்தான். சாட்சிக்கூண்டில் ஏறும் பெண்ணோடு ஒரு கதை இதுவரை என் கைக்கு வரவில்லை.