படம் காட்டுவோரும் பாழ்பட்ட ஆலையும்



அமெரிக்காவில் டெட்ராய்ட் என்றொரு நகரம். மோட்டார்த் தொழிலின் தலைநகரம் என்று உலகம் வியந்த ஊர். 1950-ல் அங்கு வாழ்ந்தோர் பதினெட்டரை இலட்சம் பேர். 2020-ல் எண்ணியபோதோ 6,39,000 பேர்தாம் எஞ்சியிருந்தனர். செல்வம் கொழிக்கும் நாட்டிலே இந்நிலை!

அவ்வூரின் பாக்கார்டு கார்த் தொழிற்சாலை ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்புடையது. ஆல்பர்ட் கான் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1950-களில் அங்கே கார் உற்பத்தி நின்றது. பிறகு சிறு தொழில்கள் சில அங்கே ஒண்டியிருந்தன, அவையும் போயின. கூரை ஒழுகிற்று, இரும்பைப் பெயர்த்து விற்றனர், தீ பிடித்தது.

2013-ல் வரி பாக்கிக்காக ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு முதலாளி ஒருவர் 4,05,000 டாலருக்கு எடுத்தார். அத்தனை பெரிய ஆலைக்கு அவ்வளவுதான் விலை! குடியிருப்பு வரும், தொழிற்கூடம் வரும், கலைக்கூடம் வரும் என்று படங்கள் காட்டினார். வந்ததா? 2019-ல், சாலைக்கு மேலே ஆலையின் இரு பகுதிகளை இணைத்து நின்ற பாலம் இடிந்து விழுந்தது. 2022-ல் நீதிமன்றம் ஆலையையே இடிக்கச் சொல்லிற்று. இடித்த செலவு பொதுப் பணத்திலிருந்து போயிற்று. 2024-ல் அப்பணி முடிந்தது.

அந்த முதலாளியை ஏசிப் பயனென்ன? கணக்கைப் பாருங்கள். மக்கள் குறைந்த ஊரில் வாடகை குறைவு. பாழ்பட்ட கட்டடத்தைச் செப்பனிடுவதோ, புதிதாகக் கட்டுவதைக் காட்டிலும் மலிவானதன்று. இடையிலே விழும் பள்ளத்தை நிரப்பப் போவது யார்?

“அதே ஊரின் இரயில் நிலையம் எழுந்து நின்றதே!” என்பீர்கள். உண்மை. 1988-ல் மூடிய நிலையத்தை 2018-ல் ஃபோர்டு கம்பெனி வாங்கிற்று; 2024-ல் புதுப்பொலிவுடன் திறந்தது. ஆனால், சுற்றியுள்ள வளாகத்தையும் சேர்த்து 90 கோடி டாலருக்கு மேல் அது ஒதுக்கிற்று. வாடகையை நம்பி அது இறங்கவில்லை. தன் பணியாளரை அமர்த்த அதற்கு இடம் வேண்டியிருந்தது. மூடிய ஆலை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோர்டு கிடைப்பாரோ?

ஆகவே, எந்த ஊரிலாயினும் வண்ணப்படத்தை விரித்து வருவோரை வரவேற்போம், நாற்காலி தருவோம், கைதட்டுமுன் கேட்போம். வேலை தொடங்கும்வரை கூரையைக் காப்பது யார்? மண்ணில் ஊறிய எண்ணெயையும் சுவரிலுள்ள கல்நாரையும் அகற்றும் செலவு எவருடையது? முழு ஆலையையும் பேசுமுன், ஒரே ஒரு கட்டடத்தை எந்த ஆண்டுக்குள் முடித்துத் தருவீர்? தவறினால், நிலத்தை மீட்கும் உரிமை பத்திரத்தில் நகராட்சிக்கு உண்டா?