தோழிக்கும் ஒரு காதல்: ஒரு புதினத்தை முன்வைத்து



அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் காதலிப்பர். தோழி அக்காதலைக் காத்து நிற்பாள். குறியிடம் காட்டுவாள், தலைவனைக் கடிந்து பேசுவாள், வரைவு கடாவுவாள், வேண்டும்போது அறத்தொடு நிற்பாள். எத்தனையோ பாடல்கள் அவள் கூற்றாகவே அமைந்துள்ளன. ஆனால், அவளுக்கென ஒரு காதல் பாடப்படுவதில்லை. அது மரபு, அம்மரபில் குறை காண்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஆயினும், தோழி நிலையில் நிற்பவரே காதல்வயப்பட்டால் என்ன நேரும் என்னும் வினாவை எழுப்பும் புதினம் ஒன்று அமெரிக்காவில் தோன்றியுள்ளது. அலிசன் காக்ரன் எழுதி 2021 செப்டம்பரில் வெளிவந்த 'தி சார்ம் அஃபென்சிவ்' என்பதே அது. ஆசிரியர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். இது அவரது முதற்புதினம்.

புதினத்தின் களம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 2002இல் தொடங்கிய 'தி பேச்சலர்' போன்ற 'ரியாலிட்டி ஷோ'க்களின் அமைப்பு பலரும் அறிந்ததே. ஓர் ஆடவன், அவனை மணக்க முன்வரும் இருபதுக்கும் மேற்பட்ட மகளிர், வாரந்தோறும் சிலர் விலக்கப்படுவர். தொடர்பவர் கையில் ரோசாமலர் தரப்படும். இறுதியில் திருமண உறுதி. காக்ரன் படைத்துக்கொண்ட 'எவர் ஆஃப்டர்' என்னும் கற்பனை நிகழ்ச்சியும் இத்தகையதே. ஆங்குத் தேவதைக் கதைகளின் இளவரசனும் இளவரசியும் ஒப்பனைப் பொருள்கள்.

நிகழ்ச்சியின் நாயகன் சார்லி வின்ஷா, கணினித்துறையில் இளமையிலேயே பெரும்பொருள் ஈட்டியவன். தான் தொடங்கிய நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டு, இழந்த நற்பெயரை மீட்க இங்கு வருகிறான். காதலில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. கேமராவின் முன் அவன் உடல் விறைக்கிறது, சொற்கள் சிக்குகின்றன. அவனை வழிநடத்தும் பொறுப்பு தேவ் தேஷ்பாண்டே என்னும் இந்திய வழித்தோன்றலான தயாரிப்பாளனிடம் விடப்படுகிறது. தேவ் பல்லாண்டுகளாகப் பிறருடைய காதல் முடிவுகளை எழுதித் தந்தவன். தன்பால் ஈர்ப்புடைய அவன், அண்மையில்தான் தன் காதலனைப் பிரிந்தவன். நாயகனுக்குக் காதற்பேச்சைப் பழக்கும் பயிற்சியிலேயே பயிற்றுவிப்பவனுக்கும் பயில்பவனுக்கும் இடையே அன்பு அரும்புகிறது.

களவும் அலரும் இங்கு இடம் மாறி நிற்பது கருதத்தக்கது. அகமரபில் முதலில் களவு. அது கசிந்து ஊரில் அலராகிறது. அலர் அஞ்சி வரைவு நிகழ்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சியிலோ அலரே முதலில் தயாரிக்கப்படுகிறது. காதல் பின்னர் வந்து சேரும் என எதிர்பார்க்கப்படுகிறது. பல இலட்சம் கண்கள் காண நடக்கும் அவ்விடத்தில் உண்மையான களவுக்கு இடம் எங்கே? கேமரா திரும்பியிராத இடைவெளிகளில்தான். நாயகனும் நாயகியும் நிற்கும் ஒளிவட்டத்தில் தோன்றாத காதல், ஒளிக்கருவிக்குப் பின்னால் நிற்பவனிடம் தோன்றுகிறது. படத்தொகுப்பாளர்களுக்கான கதைக்குறிப்புகளை ஆசிரியர் ஆங்காங்கே இடையிட்டு வைத்திருப்பதன் பயன் இதுவே. நிகழ்ந்தது ஒன்று, நிகழ்ந்ததாகக் காட்டப்படவிருப்பது மற்றொன்று என்பதைப் படிப்போர் அருகருகே காண்கின்றனர்.

தேவ் தேவதைக் கதைகளை உளமார நம்புகிறான். அந்நம்பிக்கையே அவன் துயரம். தான் போற்றும் கதையில் தன்னைப் போன்றோர்க்கு இடமில்லை என்பதை அறிந்தே அதனைப் பிறர்க்காக எழுதுகிறான். ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015 சூன் 26 அன்று தன்பாலர் திருமண உரிமையை நாடு முழுமைக்கும் உறுதிசெய்தது. சட்டம் திறந்த கதவைக் கதைகள் உடனே திறந்துவிடவில்லை. 'தி பேச்சலர்' நிகழ்ச்சியின் 2019ஆம் ஆண்டு நாயகன் கோல்ட்டன் அண்டர்வுட், தாம் தன்பால் ஈர்ப்புடையவர் என்பதை 2021 ஏப்ரலில் வெளிப்படையாக அறிவித்தார். புதினம் வெளிவர அப்பொழுது சில திங்களே இருந்தன. மகளிர் சூழ நின்ற நாயகன் உள்ளே வேறொன்றை மறைத்திருத்தல் கூடும் என்பது கற்பனையின் மிகையன்று என்பதற்கு இதுவே சான்று.

புதினத்தின் மற்றொரு சிறப்பு மனநோயை அது கையாளும் முறை. சார்லிக்கு எண்ணச்சுழற்சி நோயும் பதற்றமும் உண்டு. தேவுக்கு மனச்சோர்வு உண்டு. காதல் வந்தவுடன் இவை தீர்ந்தன என்று ஆசிரியர் எழுதவில்லை. சோர்வு கவிந்த நாள்களில் தேவ் எழ இயலாமல் கிடக்கிறான். பின்னர்ப் பெற்றோரின் இல்லம் சென்று சிகிச்சை பெறுகிறான். 'நோய்க்கு மருந்து காதலன்' என்னும் பழைய வாய்பாட்டைப் புதினம் ஏற்கவில்லை. காதலன் அருகிருக்கலாம்; மருந்து வேறு.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஒரு தொழில் முழுவதும் சேர்ந்து செய்யும் பிழை, நிகழ்ச்சித் தலைவி ஒருத்தியின் கொடுமையாகச் சுருங்கிவிடுகிறது. நாயகனை மணக்க வந்த மகளிருள் சிலரே முழு மனிதராக வளர்கின்றனர். முடிவும் எளிதில் இனிதாகிறது. எனினும் அவ்வினிய முடிவு அறியாமையால் எழுதப்பட்டதன்று. தன்பால் காதலரைச் சாவிலும் பிரிவிலும் முடித்த கதைகள் பலவற்றைக் கண்ட சூழலில், இன்பியல் முடிவு என்பதே ஓர் உரிமைக் கோரிக்கை ஆகிறது. காக்ரன் பழைய வடிவத்தை உடைக்கவில்லை. அதனுள் இருவருக்கு இடம் கேட்கிறார்.

மரபை உடைப்பவரே புதுமை செய்பவர் என்று கவிஞர் அரங்குகளில் அடிக்கடி கூறப்படுகிறது. அதற்கு மறுதலையான வழியும் உண்டு என்பதை இப்புதினம் காட்டுகிறது. ஐந்திணையோடு கைக்கிளையையும் பெருந்திணையையும் சேர்த்து ஏழாக எண்ணியவர் தொல்காப்பியர். தாம் போற்றாத காதலுக்கும் பெயரிட்டு இடம் ஒதுக்கிய இலக்கணம் அது. ஒரு வடிவம் உயிரோடிருக்கிறதா என்பதை அது எவரை உள்ளே விடுகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். பாட்டெழுதுவோர் அடுத்தமுறை தலைவனையும் தலைவியையும் பாடும்போது, அருகில் நின்று பேசிக்கொண்டிருப்பவரின் முகத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக.