மேற்பார்வைக்கு எத்தனை பேர்?

ஓர் அதிகாரியின் கீழ் எத்தனை பணியாளர் இருக்கலாம் என்பது நிர்வாக நூல்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. கேரள–தமிழ்நாடு எல்லையிலுள்ள பனச்சமூடு போன்ற ஊர்களின் அங்கன்வாடிகளுக்கும் உரியது.

கீழ்ப்பணியாளர் ஐவரானால் கவனிக்க வேண்டிய உறவுகள் 100, அறுவரானால் 222 என்று 1933-இல் கிரைகுனாஸ் என்னும் அறிஞர் கணக்கிட்டார். ஆயினும் எல்லாப் பணிக்கும் ஒரே எண் பொருந்தாது. ஒரே வகைப் பணியைத் தனித்தனியே செய்வோர் பலரை ஒருவர் கண்காணிக்க இயலும்.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ 20 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளரை வகுத்தது. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமோ ஏறத்தாழப் பத்துப் பணியாளருக்கு ஒருவரை அமர்த்தியது. குழந்தையை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி குன்றியதை உணர்ந்து, தாய்க்கு எடுத்துரைக்கும் பணி, அருகிருந்து பயிற்றப்பட வேண்டியது.

மையங்களைக் காண மாதத்தில் 20 நாட்கள் கிடைப்பின், 20 மையங்களுக்குத் தலா ஒரு நாள். பத்து மையங்களாயின் இரு நாட்கள். மேடும் பள்ளமுமான எல்லைப் பகுதிகளில் வழிநடையிலும் நேரம் கழியும். எண்ணிக்கை மிகுந்தால் மேற்பார்வை பதிவேட்டில் இடும் கையொப்பமாகச் சுருங்கும். எடை குறைந்த குழந்தை கண்ணிற்படாது போகும். ஆதலின் பணியின் தன்மை, தொலைவு, பணியாளரின் பயிற்சி ஆகிய மூன்றையும் சீர்தூக்கி எண்ணிக்கையை வரையறுப்பதே நன்று.